பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு

ஆவணி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், அரியாலையில் உள்ள என் வீட்டு விறாந்தைக்கு அயல்வீட்டு அம்மையார் ஒருவர் தம் மூத்த மகனையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகனுடைய கையில் இரண்டு பஞ்சாங்கங்கள் இருந்தன. ஒன்று வாக்கியம், மற்றையது திருக்கணிதம். இரண்டிலும் ஒரே பக்கத்தை மடித்து வைத்திருந்தார்.

விடயம் இதுதான். அம்மையாரின் கணவர் ஆவணித் தேய்பிறை அட்டமியிற் காலமானவர். திவசத்துக்கு நாள் குறிக்கவேண்டும். கொழும்பில் இருக்கும் இளைய மகன் திருக்கணிதத்தைப் பார்த்து ஒரு நாளைச் சொல்கிறார். ஊரிலிருக்கும் மூத்தவர் வாக்கியத்தைப் பார்த்து அதற்கு மறுநாளைச் சொல்கிறார். தொலைபேசியிற் பேச்சுத் தடித்து, சகோதரர் இருவரும் இரண்டு நாட்களாகப் பேசிக்கொள்ளவில்லை.

“மாஸ்டர், நீங்கள் கணிதம் படிப்பிக்கிறவர். எது பிழையென்று நீங்களே சொல்லுங்கோ,” என்றார் மூத்தவர்.

அம்மையார் அவ்வளவு நேரமும் பேசாதிருந்தவர், மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். “ரண்டும் சரியெண்டு சொல்லிப்போட்டியள் எண்டால், தம்பி, அவர் எந்த நாள் வருவார்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் மகனுடைய கேள்விக்கு விடை உண்டு. அந்த விடையின் அடியில் ஓர் எண் இருக்கிறது. தமிழர் கணக்கு வழக்கில் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் எண். அதைப் பற்றியே வாசக நேயர்களுடன், சிறப்பாக மாணவ நேயர்களுடன், இன்று சிறிது பேச விரும்புகிறேன். பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் கையில் இருந்தால் நல்லது.

அந்த எண் 1600984.

முதலில் அதை வெறும் எண்ணாகவே பார்ப்போம். இரட்டை எண், எட்டால் மீதியின்றிப் பிரிபடும். ஏழாலும் பிரிபடும். பதினொன்றாலும் பிரிபடும். முற்றாகப் பகுத்துப் பார்த்தால் எட்டு, ஏழு, பதினொன்று, இருபத்துமூன்று, நூற்றுப்பதின்மூன்று ஆகிய ஐந்தையும் பெருக்க வருவது இவ்வெண். வகுப்பிலே காரணிகாண் பயிற்சிக்கு நான் இதைக் கொடுப்பதுண்டு. 113 என்ற காரணி வரை வந்து சேர்பவர் சிலரே. ஆயினும் இவ்வெண்ணின் பெருமை அதன் காரணிகளில் இல்லை. ஏழாற் பிரிபடுவது மாத்திரம் பின்னர் உதவும். அதை நினைவில் வைத்துக்கொள்க.

இது நாட்களின் எண்ணிக்கை. கலியுகம் பிறந்ததாக நம் கணிதர் கொண்ட கி.மு. 3102 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமையிலிருந்து சூரியோதயம் சூரியோதயமாக எண்ணிக்கொண்டு வந்தால், 1600984 நாட்கள் நிறையும் காலை கி.பி. 1282 மே 22 ஆகும். அன்றைய கிழமை என்ன? எண் ஏழால் மீதியின்றிப் பிரிபடுவதால் தொடங்கிய கிழமையே மீளவும் வரும். ஆகவே அதுவும் வெள்ளிக்கிழமை. கி.மு. 3102 இல் எவரும் வாசலில் நின்று நாட்களை எண்ணத் தொடங்கினார் என்று எண்ணவேண்டா. அது பிற்காலத்துக் கணிதர் தம் கோள்நிலைக் கணக்கைக் கொண்டு பின்னோக்கிச் சென்று கண்ட தொடக்கப் புள்ளி. ஆரியபட்டர் ஒரு மகாயுகத்துக்கு 4320000 ஆண்டுகளும் 1577917500 நாட்களும் வைத்தார். ஒன்றை மற்றொன்றாற் பிரித்தால் ஆண்டுக்கு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகையும் சிறிது மிகுதியும் வரும். வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டு இன்றைக்கும் அதுவே.

1282 மே 22 காலையில் அப்படி என்ன நடந்தது? நிலத்திலே ஒன்றும் நடக்கவில்லை. வாக்கியக் கணக்கின்படி அன்று சூரியன் உதித்தபோது சந்திரன் தன் உச்சத்தில் நின்றது. உச்சம் என்பது பூமியிலிருந்து சந்திரன் மிகத் தூரத்தே நிற்கும் இடம். அங்கே அதன் நடை மந்தம். ஒரு நாளில் ஏறத்தாழ 12 பாகைதான் நகரும். எதிர்ப்புறத்தில், பூமிக்கு அண்மையில் வரும்போது 14 பாகைக்கு மேலும் ஓடும். இந்த வேக வேறுபாட்டைக் கணக்கிற் பிடித்தால்தான் திதி, நட்சத்திரம், கிரகணம் எல்லாம் சரியாக வரும். சராசரி வேகத்தை மாத்திரம் கொண்டு கணித்தால் சந்திரன் இருக்கவேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் ஐந்து பாகை வரை விலகும். அது ஒரு திதியில் ஐந்திலிரண்டு பங்கு!

இனி, கதையின் சுவையான பகுதிக்கு வருவோம். சந்திரன் உச்சத்தை விட்டுப் புறப்பட்டு மீண்டும் உச்சத்துக்கு வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மிகுதியும் செல்லும். இக்காலத்து நுண்ணிய அளவு 27.55455 நாள். இதை நம் வசதிக்காக ‘உச்சமாதம்’ என்று சொல்லிக்கொள்வோம். ஊருக்கு வளையல் கொண்டுவரும் வியாபாரி ஒருவர் சரியாக ஓர் உச்சமாதத்துக்கு ஒருமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று சூரியோதயத்துக்குப் படலையைத் தட்டினார். அடுத்த முறை இருபத்தெட்டாம் நாள் விடிய முன், இரவு ஏழு மணியளவில் வருவார். மீண்டும் அவர் சூரியோதயத்துக்குச் சரியாக வருவது எப்போது?

இரண்டு முறை கழித்து, 55 ஆம் நாளிற் கிட்டத்தட்ட வருவார். ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேலே பிந்திவிடும். ஒன்பதாவது முறை 248 ஆம் நாளில் வருவார். பதின்மூன்று நிமிடம் முந்தி. இது பரவாயில்லை. நூற்றுப்பத்தாவது முறை 3031 ஆம் நாளில் வருவார். பிந்துவது வெறும் நாற்பத்திரண்டு விநாடி! நானூற்று நாற்பத்தொன்பதாவது முறை 12372 ஆம் நாள். பத்து நிமிடம் முந்தி.

248, 3031, 12372. இந்த மூன்று எண்களும் நம் பழைய பஞ்சாங்க கணிதருக்கு வாய்ப்பாடு. கலிநாளிலிருந்து 1600984 ஐக் கழித்து, மிகுதியை 12372 ஆற் பிரித்து, அதன் மீதியை 3031 ஆற் பிரித்து, அதன் மீதியை 248 ஆற் பிரித்தால், கடைசியாக நிற்கும் மீதி, சந்திரன் சூரியோதயத்தில் உச்சத்திலிருந்த ஒரு நாளிலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். அதற்குப் பின் வேண்டியது 248 நாட்களுக்கும் சந்திரன் எங்கே நிற்கும் என்ற ஓர் அட்டவணை மாத்திரமே. அந்த அட்டவணையில் நாளுக்கு ஒரு சிறு சொற்றொடர். அச்சொற்றொடருக்கே ‘வாக்கியம்’ என்று பெயர். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயரின் காரணமும் அதுவே. வரருசி என்பவர் ஆக்கியதாகச் சொல்லப்படும் இவ்வாக்கியங்களில் முதலாவது 12 பாகை 3 கலை என்ற நிலையையும், கடைசியானது 27 பாகை 44 கலை என்ற நிலையையும் மறைத்து வைத்திருக்கின்றன.

எண்ணைச் சொல்லில் மறைப்பது எப்படி? கடபயாதி என்றொரு முறை உண்டு. வடமொழி மெய்களுக்கு ஒன்று முதல் சுழி வரை எண் கொடுத்து, அந்த எண்களுக்குரிய எழுத்துக்களால் பொருளுள்ள சொல்லை அமைத்து, வலமிருந்து இடமாகப் படிப்பது. ககரத்துக்கு 1, மூன்றாவது ககரத்துக்கு 3, தகரம் நான்குக்கும் முறையே 6, 7, 8, 9, நகரத்துக்குச் சுழி, யகரத்துக்கு 1, ரகரத்துக்கு 2, லகரத்துக்கு 3, வகரத்துக்கு 4, ஸகரத்துக்கு 7. தமிழெழுத்தில் தகரம் ஒன்றே என்பதால் எம்மவர் கிரந்தத்தில் எழுதிப் படித்தார்கள். இந்த முறைப்படி ‘தேவர’ என்ற சொல்லைப் பாருங்கள். மூன்றாவது தகரம் 8, வகரம் 4, ரகரம் 2. திருப்பிப் படித்தால் 248! ‘காலாநில’ என்பது 1, 3, 0, 3, திருப்பினால் 3031. ‘ரசகைரிகா’ என்பது 2, 7, 3, 2, 1; திருப்பினால் 12372. நம் 1600984 க்கு உரிய சொல் ‘வேதாதிஞானதுஷ்ட’ என்பது. ஏழு இலக்கத்துக்கு ஏழு எழுத்து. கூட்டெழுத்தில் கடைசி மெய்யையே எண்ணவேண்டும் என்பது விதி. நீளமான இச்சொல்லைப் பஞ்சாங்க கணிதர் ‘வேதம்’ என்றே சுருக்கி வழங்கினர். ‘தேவர’ என்பது அவர்கள் வாயில் ‘தேவாரம்’ ஆயிற்று. வேதத்தைக் கழித்துத் தேவாரத்தாற் பிரித்தார்கள் என்று கேட்டால், அறியாதவர்கள் ஏதோ சமயச் சண்டை என்றல்லவா நினைப்பார்கள்!

கடதாசி எடுத்தவர்கள் இப்போது ஒரு கணக்குச் செய்யலாம். 12372 ஐ 3031 ஆற் பிரியுங்கள். ஈவு 4, மீதி 248. வியப்பாயில்லையா? மூன்றாவது எண் தானே வந்து நிற்கிறது. 3031 ஐ 248 ஆற் பிரியுங்கள். ஈவு 12, மீதி 55. நமது வளையல் வியாபாரி முதலில் ஏமாற்றிய அதே 55. 248 ஐ 55 ஆற் பிரித்தால் மீதி 28. உச்சமாதங்களின் எண்ணிக்கையும் இப்படியே இறங்கும்: 449 என்பது நான்கு 110 உம் ஓர் 9 உம், 110 என்பது பன்னிரண்டு 9 உம் ஒரு 2 உம். யூக்கிளிட்டு பொதுக் காரணி காண வகுத்த வழியும், ஆரியபட்டர் வகுத்து, பிற்காலத்தவர் குட்டகம் என்று பெயரிட்ட வழியும் இந்த இறங்குபடி வழிதான். இன்னொன்று: 12372 ஐ 110 ஆற் பெருக்கினால் 1360920. 3031 ஐ 449 ஆற் பெருக்கினால் 1360919. வேறுபாடு ஒன்றே ஒன்று. 3031 ஐ 9 ஆலும் 248 ஐ 110 ஆலும் பெருக்கிப் பாருங்கள், 27279, 27280. அங்கும் ஒன்று. பின்னங்கள் இரண்டு இவ்வாறு ஒன்றால் மாத்திரம் விலகி நிற்குமானால், அவற்றுக்கிடையே வரும் எந்தப் பின்னத்துக்கும் அவற்றைவிடப் பெரிய கீழெண்தான் இருக்கும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் நிறுவிப் பார்க்கலாம். இவ்வெண்கள் எவரோ கனவிற் கண்டவை அல்ல. சந்திரனை நெடுங்காலம் பார்த்தவர்களும் பின்னத்தை நன்றாக அறிந்தவர்களும் சேர்ந்து வடித்தெடுத்தவை.

அந்தப் பார்த்தவர்கள் எல்லாரும் தமிழரா என்றால், அல்லர். அதை மறைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. 248 நாளில் ஒன்பது உச்சமாதம் என்ற கணக்குப் பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலே உண்டு. 3031 எகிப்தில் அகப்பட்ட கிரேக்கப் பப்பிரசு ஏட்டிலே உண்டு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையில், வசிட்ட சித்தாந்தத்தின் பகுதியில் இரண்டும் உண்டு. கடலும் பாலையும் கடந்து வந்த எண்களைக் கையேற்று, சொல்லாக்கி, மனனஞ்செய்து, அன்றாடம் பயன்படுத்தி, மற்ற இடங்களில் மறைந்துபோன பின்னும் உயிரோடு வைத்திருந்தவர்கள் தென்னாட்டவர். இது சிறிய காரியமா? 1952 இல் ஒட்டோ நொயிகபவர் என்ற பேரறிஞர், பழைய வானியலின் வரலாற்றை ஆராய்ந்தவர், இம்முறையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரைக்குத் ‘தமிழ் வானியல்’ என்றே தலைப்பிட்டார்.

அவருக்குச் சான்றாய் உதவியது 1825 இற் சென்னையில் அச்சான ‘காலசங்கலித’ என்ற நூல். அதை எழுதியவர் யோன் வாரன். சென்னை வானாய்வுக் கூடத்திற் பொறுப்பு வகித்த படை அதிகாரி. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்க கணிதரைக் கண்டு, கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி கேட்டார். அம்மனிதர் ஏடு எடுக்கவில்லை, எழுதுகோல் எடுக்கவில்லை. நிலத்திலே சோகிகளைப் பரப்பினார். வாக்கியங்களை வாய்க்குள் முணுமுணுத்தார். சோகிகளை நகர்த்தினார். 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திரகிரகணத்தின் தொடக்கத்தை நாலு நிமிடப் பிழையுடனும், நடுவை 23 நிமிடப் பிழையுடனும், முடிவை 52 நிமிடப் பிழையுடனும் சொல்லிவிட்டார். இதற்கு முன்னரே லெ ஜெந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர், 1769 இன் வெள்ளி இடைநகர்வைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தவர், இதே போன்ற கணிப்பைக் கண்டு வியந்திருக்கிறார். 1765 ஓகஸ்ட் 30 சந்திரகிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணிதர் 41 விநாடி குறைத்துச் சொன்னார். ஐரோப்பாவின் மாயர் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிச் சொல்லின. பாவம், ஜெந்தீல் பார்க்க வந்த வெள்ளி மாத்திரம் அன்று முகிலில் மறைந்துவிட்டது.

வாரன் சொல்லும் ஒரு செய்தி ஆசிரியனாகிய என் மனத்தைக் குத்துகிறது. சோகி பரப்பிய அம்மனிதருக்குத் தாம் செய்வது ஏன் சரியாக வருகிறது என்பது தெரியாதாம். 12372 ஏன், 248 ஏன் என்று கேட்டால் விடை இல்லை. எண் இருந்தது, எண்ணின் காரணம் எங்கோ சில தலைமுறைகளுக்கு முன் கைநழுவிவிட்டது. மனனத்தைப் பழிப்பவர்களுக்கு ஒரு சொல்: மனனம் இல்லையேல் அந்த எண்ணும் போயிருக்கும். மனனத்தையே கல்வி என்று நம்புபவர்களுக்கு இன்னொரு சொல்: காரணம் தெரியாத எண்ணைத் திருத்த எவராலும் முடியாது. அந்தத் திருத்தமின்மைதான் அயல்வீட்டுச் சகோதரர் இருவரையும் பேசாமற் பண்ணியது. அதற்கு வருவோம்.

மூத்தவர் கொண்டுவந்த கேள்விக்கு முன், முறையே நம்பத்தக்கதா என்று அவருக்குக் காட்டவேண்டியிருந்தது. விசுவாவசு வருடப் பிறப்பை, 2025 ஏப்ரில் 14 ஐ எடுத்துக்கொண்டேன். கலிநாள் 1872314. ஏழாற் பிரித்தால் மீதி 3. வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளித் திங்கள், அன்று திங்கட்கிழமைதான். 1600984 ஐக் கழித்தால் 271330. அதில் 12372 இருபத்தொரு முறை போக மீதி 11518. அதில் 3031 மூன்று முறை போக மீதி 2425. அதில் 248 ஒன்பது முறை போக மீதி 193. ஆகவே அன்று 193 ஆம் வாக்கியம். ஏழு உச்சமாதத்துக்கு 192.88 நாள் என்பதால், சூரியோதயத்துக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் முன்பு, அஃதாவது அதிகாலை மூன்று மணிக்குச் சற்றுப் பின், சந்திரன் உச்சத்தைக் கடந்திருக்கவேண்டும். இக்கால வானியலின்படி அன்று சந்திரன் உச்சத்தில் நின்றது எம் நேரப்படி அதிகாலை நாலேகால் மணியளவில்.

பேரன் வாயைப் பிளந்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஒத்துவந்தது ஓரளவு அதிட்டம். சூரியனின் இழுப்பினால் உண்மையான உச்சம் சராசரிக்குப் பல மணி நேரம் முன்பின்னாக அலைந்துகொண்டிருக்கும். சராசரி உச்சத்தோடு ஒப்பிட்டால் வாக்கியம் நாலு மணி நேரத்துக்கு மேல் பிந்தியே இருக்கிறது. எழுநூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகளில், மூன்று வகுத்தல்களும் ஒரு கழித்தலும் தந்த பிழை அவ்வளவே.

அப்படியானால் இரு பஞ்சாங்கமும் ஒன்றோடொன்று ஏன் முரண்படவேண்டும்? இதற்குக் காரணம் நாட்கணக்கில் இல்லை; அட்டவணையில் இருக்கிறது. வாக்கிய முறை சந்திரனுக்கு ஒரே ஒரு தடுமாற்றத்தைத்தான் வைத்திருக்கிறது. உச்சத்தில் மந்தம், எதிரில் வேகம் என்ற அந்த ஐந்து பாகைத் தடுமாற்றம். சந்திரனைப் பூமி மாத்திரமா இழுக்கிறது? சூரியனும் இழுக்கிறது. அந்த இழுப்பினால் வேறு தடுமாற்றங்களும் உண்டு. அவற்றுள் பெரியது ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேற்பட்டது. அமாவாசையிலும் பூரணையிலும் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரு வரிசையில் நிற்கும்போது, இந்த இரண்டாவது தடுமாற்றம் முதலாவதோடு ஒன்றிப்போய், இரண்டும் சேர்ந்து ஐந்து பாகையாகவே தோன்றும். பழையவர்கள் சந்திரனை நுணுகிப் பார்த்ததெல்லாம் கிரகணங்களில். கிரகணம் வருவதோ அமாவாசையிலும் பூரணையிலும். ஆகவே அவர்களுக்கு ஐந்து பாகையே போதுமாயிருந்தது. கிரகணங்களும் சரியாக வந்தன. ஆனால் பாதிச் சந்திரன் நிற்கும் அட்டமியில் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏழரைப் பாகை வரை போய்விடும். வாக்கியத்தில் அந்த இரண்டரைப் பாகை இல்லை. நேரக் கணக்கில் அது ஐந்து மணி நேரம் வரையாகலாம். திருக்கணிதம் இக்கால வானியலின் திருத்தங்களைச் சேர்த்துக் கணிப்பது; அதனாலே அட்டமி அங்கே ஐந்து மணி நேரம் முந்தியோ பிந்தியோ தொடங்கும். திதி நிற்கும் நேரத்தைக் கொண்டே திவசநாள் குறிக்கப்படுவதால், ஐந்து மணி நேரம் ஒரு முழு நாளாகிவிடுகிறது.

கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தையும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வீடுகள் யாழ்ப்பாணத்திற் பல. அவ்வீட்டார் இனி ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அமாவாசையும் பூரணையும் முடியும் நேரங்களை இரண்டிலும் ஒப்பிடுங்கள். பின்பு அட்டமி முடியும் நேரங்களை ஒப்பிடுங்கள். ஓராண்டுக்குச் செய்தால் வேறுபாடு எங்கே கூடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை.

“அப்ப தம்பி சொன்னதுதான் சரி,” என்றார் மூத்தவர், சிறிது முகம் வாடி. சந்திரன் வானத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்டால் திருக்கணிதமே சரி. அதிற் சந்தேகமில்லை என்றேன். ஆனால் வாக்கியத்தைப் பார்த்தவர் கணக்கிற் பிழைவிட்டார் என்று சொல்லவும் மாட்டேன். அவருடைய கணக்கு 1282 ஆம் ஆண்டு காலையிலிருந்து ஒரு படியும் தவறாமல் இறங்கி வந்த கணக்கு. அது எதை விட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டு அதைப் பிடிப்பது ஒன்று. தெரியாமற் பிடிப்பது வேறொன்று.

அம்மையார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழரைப் பாகை அவருக்கு விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவேளை நான் நினைத்ததைவிட நன்றாகவே விளங்கியிருக்கலாம். எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “அவர் இருக்கேக்கை சுவரிலை தொங்கினது வாக்கியம். அதைப் பாத்துத்தான் விதைச்சார், அதைப் பாத்துத்தான் கலியாணம் செய்தார். அந்த நாளிலையே வரட்டும். சின்னவனுக்கு நான் சொல்லுறன்,” என்றார். அன்றிரவே கொழும்புக்குப் பேசினார் என்றும், இளையவர் ஊருக்கு வந்து திவசத்தில் இருந்தார் என்றும் பின்னர் அறிந்தேன். வரும்போது தம் திருக்கணித பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்திருந்தாராம். சண்டைக்கு அல்ல, அண்ணருடன் அட்டமிகளை ஒப்பிட்டுப் பார்க்க.

பேரன் மறுநாளும் வந்தான். ஒன்பதாந் தரத்திற் படிக்கும் பிள்ளை. கொப்பியில் ஒரு பக்கம் முழுவதும் வகுத்தல்கள். இருபத்தொரு 12372 போனதென்றால் இருபத்திரண்டாவது எப்போது முடியும் என்று அவனாகவே கேட்டு, அவனாகவே செய்திருந்தான். முதன்முறை ஒரு நாள் பிழைத்தது. 2028 ஐ நெட்டாண்டென்று முன்கூட்டியே சேர்த்துவிட்டான். அடித்துத் திரும்பச் செய்தான். 1600984 உடன் 272184 ஐக் கூட்டக் கலிநாள் 1873168. முந்திய சுற்று 1993 ஒக்டோபர் 1 வெள்ளிக்கிழமை முடிந்தது. இந்தச் சுற்று 2027 ஓகஸ்ட் 16, திங்கட்கிழமை, சூரியோதயத்தில் முடிகிறது. மீதி சுழி. அடுத்த நாள் மீண்டும் முதலாம் வாக்கியம், 12 பாகை 3 கலை.

அந்த நாளைக் கொப்பியில் இரண்டு முறை கோடிட்டு வைத்திருக்கிறான்.